என் மதினியும் ஒரு பிரசிடெண்ட்

அயோவாவுக்கு வந்த ஆறு வருடங்களில் பனி பழகிவிட்டது, காரமில்லாத சாப்பாடும் பழகிவிட்டது. பழகாமல் போனது, அந்தக் குளிர்காலத்தில் எதிர்வீட்டு முற்றத்தில் முளைத்த இரண்டு பலகைகள்தான். எதிர்வீட்டில் இருப்பவர்கள் டோரத்தியும் வால்டரும். டோரத்தி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுபது வயதுக்குக் குறையாது. வால்டர் அவளுடைய கணவர், சோளம் பயிரிட்டு ஓய்ந்தவர். வாசலின் இடப்பக்கப் பனியில் டோரத்தி நட்டிருந்த பலகையில், நாட்டின் முதல் பெண் அதிபராகப் போட்டியிடப் புறப்பட்டிருந்தவரின் பெயர். வலப்பக்கம் வால்டர் நட்டிருந்ததில் அதே கட்சிக்குள் அவரை எதிர்த்து நின்ற கறுப்பின மனிதரின் பெயர். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு பலகை. காலையில் இருவருமாகச் சேர்ந்துதான் இரண்டின் மேலும் படிந்த பனியைத் துடைத்துவிடுவார்கள். நான் சன்னலோரம் காப்பியோடு நின்று தினமும் வேடிக்கை பார்ப்பேன். எங்கள் அய்யலூர்ப் பக்கத்தில் புருசன் ஒரு சின்னத்துக்கும் பெண்சாதி ஒரு சின்னத்துக்கும் பலகை நட்டால், அந்த வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்குமா?

அது 2007 டிசம்பர், ஜனவரி மூன்றாம் தேதி தேர்வு. நாட்டிலேயே முதலில் கட்சிக்காரர்கள் கூடித் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலம் எங்களுடையது. அதனால், அதிபராகப் போகிறவர்கள் எங்கள் சின்ன ஊரின் காப்பிக் கடைக்கே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சோள விலையைப் பேசிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டுரிமை இல்லாதவள்தான், ஆனாலும் வேலைக்குப் போகும் வழியெல்லாம் வானொலியில் அதே பேச்சைத்தான் கேட்டேன். நான் நர்ஸாக வேலை பார்த்த முதியோர் இல்லத்திலும் அதே பேச்சுதான். "கெட்டிக்காரிதான், ஆனால் ராணுவத்துக்கு ஒரு பெண் எப்படி உத்தரவிடுவாள்?" என்றார் ஒரு பெரியவர். "நல்ல படிப்பாளிதான், ஆனால் நாடு இன்னும் அதற்குத் தயாராகவில்லை" என்றார் இன்னொருவர், அந்தக் கறுப்பின மனிதரைப் பற்றி. அவருக்கு அப்போது போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தவள் என்னோடு வேலை பார்த்த டெனீஸ், கறுப்பினப் பெண். அவள் தலையணையைத் தட்டிப்போட்டுவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அந்த 'ஆனால்' எனக்குப் புதிதில்லை. அதை நான் தமிழில் கேட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை டோரத்தி என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். தன்னுடைய வேட்பாளரை நான் ஆதரித்தே ஆகவேண்டும் என்பது அவளுக்குத் தீர்மானமான விஷயம். நான் பெண், அத்தோடு எங்கள் நாட்டில் அவள் இளம்பெண்ணாக இருந்தபோதே ஒரு பெண் பிரதமராகிவிட்டார். "உங்களுக்கெல்லாம் இது சாதாரணம், நாங்கள்தான் பின்தங்கிவிட்டோம்" என்று வருத்தப்பட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒரு தலைவர் உண்டு என்று சொல்ல நினைத்து, ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தையிலேயே, என் மதினிகூடப் பிரசிடெண்டாக இருந்தவர்தான் என்று சொல்லிவிட்டேன். டோரத்தி கோப்பையைக் கீழே வைத்தாள். இந்தியாவுக்கு ஒரு பெண் ஜனாதிபதி வந்திருக்கிறார் என்று சில மாதங்களுக்கு முன் அவள் செய்தித்தாளில் படித்திருக்கிறாள். கண்கள் விரிய என் கையைப் பற்றிக் குலுக்கியவள், அதற்குள் வந்து சேர்ந்த அவளுடைய சிநேகிதிகள் நான்கு பேரிடமும், இந்திய ஜனாதிபதியின் நாத்தனார் என்று என்னை அறிமுகம் செய்துவைத்தாள். ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். அந்தத் தப்பைத் திருத்துவதற்காகத்தான் நான் அன்று செல்லம் மதினியின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில், பஞ்சாயத்துத் தேர்தல் திரும்ப வந்தபோது நான் திண்டுக்கல்லில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அய்யலூரிலிருந்து உள்ளே போகிற பாதையில், மானாவாரிச் சோளமும் கிணற்றுப்பாசனத் தக்காளியுமாகக் கிடக்கிற ஊர். பாதைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. தலைவர் பதவிக்கு நிற்பதென்று என் அண்ணன் ஒரு வருடமாக ஆட்டுச்சந்தையில் எதிர்ப்படுகிறவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து வைத்திருந்தான். கடைசியில் அந்தப் பதவி பெண்களுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எழுந்ததும், மதினியை நிறுத்துவதாகச் சொன்னான். அவளிடம் யாரும் கேட்கவில்லை. சுவரொட்டியில் அண்ணன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டு நின்றான். மதினியின் படம் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டியது, மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. சின்னம் பூட்டு சாவி. திண்டுக்கல் பூட்டு, யாரும் உடைக்க முடியாது என்று அண்ணனே மைக்கில் பேசிக்கொண்டு திரிந்தான்.

போட்டியில்லாமல் முடிந்துவிடும் என்றுதான் ஊரில் எல்லோரும் இருந்தார்கள். காலனியிலிருந்து பாக்கியம் மனுத்தாக்கல் செய்த சேதி வந்தபோது டீக்கடையில் ஒரு பேச்சில்லை. பாக்கியம் நூற்பாலைக்குப் போகிறவள். காலனிக் குழாயில் மூன்று மாதம் தண்ணீர் வராதபோது, பெண்களைக் கூட்டிக்கொண்டு குடத்தோடு பாதையில் உட்கார்ந்து டவுன் பஸ்ஸை மறித்தவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைகூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. டோரத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இங்கே ஒரு வருடம் நாக்கு வரவில்லை. அது இங்கே எல்லோரும் ஒன்று என்பதற்கான வழக்கம் என்றார்கள். அங்கே அதே வழக்கத்துக்கு வேறு அர்த்தம்.

அப்பா பாக்கியத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவள் வந்து வீட்டு முன் களத்தில் நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா சத்தம் போடவில்லை. பெரிய குடும்பம் நிற்கிறது, நீ விலகிக்கொள், அடுத்த தடவை வார்டு மெம்பராக்கிவிடுகிறேன் என்று தன்மையாகத்தான் பேசினார். கதவுக்குப் பின்னால் நானும் மதினியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பொம்பளைக்குன்னுதானங்கய்யா சர்க்காரு சொல்லியிருக்கு" என்றாள் பாக்கியம். "நானும் பொம்பளதான."

மாவு பிசைந்த கையோடு மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு இறுக்கமாக அவள் என்னைப் பிடித்ததில்லை.

பாக்கியம் விலகாததால்தான் மதினி வீட்டைவிட்டு வெளியே வந்தாள். காலனி ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று கணக்காகிவிட்டது. அண்ணன் அந்தப் பக்கம் போய்க் கும்பிட மாட்டான். அதனால் மதினியையும் துணைக்கு என்னையும் அனுப்பினான். கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் மதினி அந்தப் பாதையைத் தாண்டியது அன்றைக்குத்தான். நாலு வீட்டில் கும்பிட்டு முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. ஐந்தாவதாக நாங்கள் போய் நின்றது பாக்கியத்தின் வீடு. அவள் சிரித்தாள். பாய் விரித்து உட்காரச் சொன்னாள், சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் மதினியைப் பார்த்தேன். மதினி டம்ளரைப் பார்த்தாள். பிறகு எடுத்து, மடக் மடக்கென்று முழுக்கக் குடித்துவிட்டாள். நானும் குடித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தாயி" என்றாள் பாக்கியம். "செயிச்சா நீங்க ஒக்காருவீங்களா, அவுக ஒக்காருவாகளா?"

மதினி காலி டம்ளரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தாள்.

விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் மதினி ஜெயித்தாள். முதல் கூட்டத்துக்கு அண்ணன் வெள்ளை வேட்டியில் முன்னால் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். கிளார்க்கும் நோட்டை அவன் முன்னால்தான் வைத்தார். மதினி பக்கத்தில் போய் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "செத்த எந்திரிங்க" என்றாள். அண்ணன் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். மெம்பர்கள் தரையைப் பார்த்தார்கள். "எனக்குத்தான ஓட்டுப் போட்டாங்க, நாந்தான ஒக்காரணும்" என்றாள், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவன், இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. மதினி போட்ட முதல் கையெழுத்து காலனிக் குழாய்க்கு.

கதையை இங்கே முடித்ததும் டோரத்தியின் சிநேகிதிகள் கைதட்டினார்கள். டோரத்தி மூக்கை உறிஞ்சினாள். நாடு பெரிதோ ஊர் சிறிதோ, உன் மதினி ஜனாதிபதிதான் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அடங்காமல், திங்கட்கிழமை வேலை முடிந்து டெனீஸ் என்னைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவிட்டபோது, அவளிடமும் அதே கதையைச் சொன்னேன். நாற்காலி வந்த இடத்தில் அவளும் சிரித்தாள். கைதட்டவில்லை. "அந்த இன்னொரு பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டாள்.

டோரத்தி வீட்டில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது மறைக்க மனசில்லாமல், நான் யாரிடமும் சொல்லாததையும் சேர்த்தே சொன்னேன். அது என்னுடைய முதல் ஓட்டு. தலைவராக இருக்கத் தெரிந்தவள் பாக்கியம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மதினிக்கு அப்போது பஸ்ஸில் தனியாகத் திண்டுக்கல் போகக்கூடத் தெரியாது. அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பிறகு பூட்டு சாவியில் குத்தினேன். நம்ம வீட்டு ஆள், அவ்வளவுதான் காரணம்.

டெனீஸ் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் மீதியையும் சொன்னேன். நான் விமானம் ஏறிய அதே வருடம் அடுத்த தேர்தல் வந்தது. அதற்குள் அண்ணனுக்குப் பிரசிடெண்ட் புருசன் என்ற பேர் ருசித்துவிட்டது, மதினியைத் திரும்ப நிற்கச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். ஊர் வேறொரு பெண்ணை நிறுத்தியது. மதினி பட்டப்பகலில், மறுபடி நின்ற பாக்கியம் அக்காவோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்தாள். அப்பா அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினார். அவள் நடப்பதை நிறுத்தவில்லை. பாக்கியம் அக்கா ஜெயித்தார். முதல் கூட்டத்தன்று அலுவலகத்தைத் திறந்தால், தலைவர் நாற்காலியைக் காணோம். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று யாரோ சொல்லி, தரையில் பாயை விரித்துவைத்திருந்தார்கள். பாக்கியம் அக்கா உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தார். சேதி கேட்ட மதினி எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஊர் நடுவே நடந்து போய்ப் போட்டிருக்கிறாள். இதெல்லாம் அவள் போனில் சொல்லக் கேட்டதுதான், நான் பார்க்கவில்லை.

டெனீஸ் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாற்காலியைத் தூக்கி வந்தவளை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீ கதையை அதில் உட்கார்ந்தவளிடமிருந்து தொடங்கியிருக்க வேண்டும்" என்றாள்.

தேர்வு நாள் மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கூடினார்கள். டோரத்தியும் வால்டரும்தான் என்னை அழைத்துப் போனார்கள். பார்வையாளர்களுக்குச் சுவரோரமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். இங்கே சீட்டும் இல்லை, மறைப்பும் இல்லை. யாருக்கு ஆதரவோ அவருடைய மூலைக்கு எல்லோரும் பார்க்க நடந்துபோய் நிற்க வேண்டும். டோரத்தி ஒரு மூலைக்குப் போனாள். வால்டர் அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு எதிர்மூலைக்குப் போனார். அங்கே டெனீஸ் தன் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். ஏறக்குறைய முழுக்க வெள்ளைக்காரர்கள் இருக்கிற ஊர் அது. குடியானவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களும் டெனீஸின் மூலைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மூலை நிரம்பி, கூடைப்பந்து வளையம் வரை நெருக்கியடித்தது. டெனீஸின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எதிரே பாதிக்கும் குறைவான ஆட்களோடு டோரத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, போகிறவர்களை இன்னும் கைநீட்டி அழைத்தாள். எனக்கு அந்தப் பக்கம் பார்த்தால் கண் கலங்கியது, இந்தப் பக்கம் பார்த்தால் துள்ள வேண்டும்போல் இருந்தது. நவம்பரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். எனக்கு அது அந்த அரங்கிலேயே பாதி நடந்துவிட்டது.

முதல் எண்ணிக்கை முடிந்து, போதுமான ஆள் சேராத சின்னக் குழுக்கள் விதிப்படி கலைந்து வேறு மூலைக்கு மாறியபோது கைப்பேசியை எடுத்து ஊருக்குப் போட்டேன். அங்கே விடிந்து பால் சொசைட்டி கூடியிருக்கும் நேரம். மதினிக்குப் பின்னால் கேன் உருளுகிற சத்தம் கேட்டது. பாக்கியம் அக்காவும் பக்கத்தில்தான் நிற்பதாகச் சொன்னாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா தோற்கப்போவதில் மதினிக்கு வருத்தம். அந்த மனிதர் ஜெயிப்பதைக் கேட்டுப் பாக்கியம் அக்கா சிரிப்பது எனக்கே கேட்டது.

"நீ யாரு பக்கம் நிக்கிற?" என்றாள் மதினி.

"எனக்கு இங்க ஓட்டு இல்ல மதினி. பெஞ்சில ஒக்காந்திருக்கேன்."

"இங்கயும் போன வாரம் ஓட்டு லிஸ்ட்டு சரிபாக்க வந்தாங்கத்தா. நீ ஊர்ல இல்லைன்னு பேர அடிச்சுட்டாங்க. நானும் அம்புட்டுச் சொல்லிப் பாத்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, அங்கே கேட்கிற சத்தத்தைக் கொஞ்சம் காட்டு, பாக்கியமும் கேட்கட்டும் என்றாள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்தேன். கடைசி எண்ணிக்கைக்காக இரண்டு மூலைகளிலும் கைகள் உயர்ந்திருந்தன. தாளும் பேனாவுமாக எண்ணிக்கொண்டு வந்த பெரியவர் என் கையையும் பார்த்துவிட்டு நின்றார். நீங்கள் எந்த மூலை என்று மரியாதையாகக் கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னை எண்ணாமல் நகர்ந்தார். தோள் கடுத்தது. கையை இறக்கப் போனபோது, இன்னும் செத்த நேரம் பிடி என்று மதினியின் குரல் மேலிருந்து மெல்லிசாகக் கேட்டது. பிடித்துக்கொண்டே நின்றேன்.