கொய்னாவுக்குப் பின் வந்த சத்தம்

அந்த ஐப்பசியில் எனக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகக் குளிர் வந்து உலுக்கும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருமயத்துக்குத் தெற்கே ஓர் ஊரின் தபால் ஆபீசில் தந்தி குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். டாக்டர் கொய்னா கொடுத்தார். காது கொஞ்சம் இரையும், மருந்து நின்றால் அதுவும் நின்றுவிடும் என்றார்.

காய்ச்சல் நின்றது. மருந்தும் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

அது வெளியே எங்கிருந்தோ வருவதாகத்தான் முதலில் நினைத்தேன். வெண்கலத் தாம்பாளத்தை யாரோ ஒருமுறை தட்டிவிட்டுப் போக, அதன் அதிர்வு மட்டும் அடங்காமல் நீண்டுகொண்டே இருப்பதுபோல் கேட்டது. ஒருநாள் காலை அதைத் தேடிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினேன். உடம்பில் பலமில்லை. கண்மாய்க்கரையில் பனி இன்னும் கலையவில்லை. தண்ணீருக்குள் பாதி மூழ்கி நின்ற கருவேல மரங்கள் கரையைவிட்டு நகர்ந்து போவதுபோலத் தெரிந்தன. பனைகளைத் தாண்டினால் சத்தம் கிட்டத்தில் வரும் என்று நினைத்தேன். தாண்டினேன். சத்தம் கிட்டே வரவுமில்லை, விலகிப் போகவுமில்லை. கண்மாயின் மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலிங்குவரை நடந்தேன். அங்கே மழைத் தண்ணீர் கல்படிகளில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் தாம்பாளச் சத்தம் காணாமல் போயிற்று. எழுந்து பத்தடி வைத்தேன், மறுபடி வந்துவிட்டது. அது எனக்குள்ளேதான் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் போய்க் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி தேடிக்கொண்டு வந்தாள். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை, வெயில் ஏறியிருந்தது. சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காதை என் காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள். பிறகு, "அது எப்படி இருக்குன்னு சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றாள்.

அன்று தாம்பாளம் என்றேன். மறுநாள் சில்வண்டு. ஒருநாள் தூரத்து ஆலைக் கொப்பரையில் கரும்புப்பால் கொதிக்கும் சத்தம். அவள் தினமும் காலையில் கேட்பாள், நான் தினமும் ஒன்று சொல்வேன். சொல்லிவிட்டால் பாரம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். நான் படுக்கும்போது அவள் கைராட்டையை எடுத்து வைத்துக்கொண்டு நூற்பாள். சக்கரத்தின் உறுமலில் என் சத்தம் கொஞ்சம் கரையும், அப்படியே தூங்கிப்போவேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் நூல் சேர்ந்துவிட்டது.

ஆபீஸ்தான் பயமாக இருந்தது. தந்தி என்பது காதுவேலை. புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் தட்டுவார். கருவி இங்கே கட்டுக்கடா என்று அடிக்கும். கேட்டுக்கேட்டு எழுத வேண்டும். அந்தக் குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை, கைவேகம் மட்டும் தெரியும். என் இரைச்சலுக்குள் அவருடைய புள்ளிகள் ஒன்றிரண்டு முழுகிப் போகும். கருவிக்குப் பின்னால் ஒரு காலி பிஸ்கட் தகரத்தை நிறுத்தி வைத்தேன். சத்தம் கணீரென்று வந்தது. அப்படியும் விட்டுப்போவதை ஊகித்து நிரப்பினேன். தந்தி வாசகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஊகம் தப்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் அப்படி ஓட்டினேன்.

ரங்கூனில் குண்டு விழுந்தது. எங்கள் பக்கத்தில் பர்மாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. தந்தி ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஜனங்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களில் ஓர் ஆச்சி இருந்தார். இரண்டு பிள்ளைகளும் ரங்கூனில். தினமும் பத்து மணிக்கு வருவார், சாயங்கால பஸ் போனபின் எழுந்து போவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நான் தலையை நிமிர்த்தும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாசி மாதத்தில் ஒருநாள் முற்பகலில் அவர் பெயருக்குத் தந்தி வந்தது. மூத்த பிள்ளை கொடுத்தது. கல்கத்தா வந்து சேர்ந்தோம், தம்பி என்பதுவரை தெளிவாக எழுதினேன். அடுத்த சொல்லின் தலையில் ஒரு புள்ளி கேட்டது. பிறகு காதுக்குள் இரைச்சல் பொங்கி எழுந்தது. கடைசி இரண்டு எழுத்து மட்டும் பிடிபட்டது. இங்கிலீஷில் அது 'வெல்' ஆகவும் இருக்கலாம், 'இல்' ஆகவும் இருக்கலாம். ஒன்று சுகம், மற்றது சீக்கு. நான் 'வெல்' என்று எழுதினேன்.

எழுதிய பிறகு ஜன்னல் வழியாக ஆச்சியைப் பார்த்தேன். கேட்டதை எழுதவில்லை, எனக்கு வேண்டியதை எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது. இன்னொருமுறை அனுப்பும்படி புதுக்கோட்டைக் குமாஸ்தாவுக்குத் தட்டினேன். அவர் வழக்கமான வேகத்தில் அனுப்பினார், மறுபடி நழுவியது. மெதுவாக அனுப்புங்கள் என்று தட்டினேன். புதிதாக வேலை கற்பவன்தான் அப்படிக் கேட்பான். அவர் ஒவ்வொரு புள்ளியாக, நடுவில் மூச்சுவிட இடம் வைத்து, குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைப்பதுபோல அனுப்பினார்.

'இல்' என்றுதான் வந்தது.

நானே எழுந்து மரத்தடிக்குப் போனேன். "ரெண்டு பேரும் கல்கத்தா வந்துட்டாக ஆச்சி. சின்னவருக்குத்தான் ஒடம்பு சொகமில்லையாம்" என்றேன்.

"உசுரோட இருக்கான்ல தம்பி?"

"இருக்காருங்க."

"அப்ப இப்பவே ஆளை அனுப்புறேன்" என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கே அவர் தம்பி மகன் ரயிலேறினான். காடு வழியாக நடந்து வந்ததில் சின்னவருக்கு வயிற்றுக்கடுப்பு முற்றிப்போயிருந்ததாம். மூத்தவரும் துவண்டு கிடந்தாராம். ஆள் போய்ச் சேர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் சின்னவர் பிழைத்தார். சித்திரையில் இருவரும் ஊர் வந்தார்கள்.

சுகம் என்று நான் கொடுத்திருந்தால் யாரும் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த நினைப்போடு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மறுநாளே போஸ்ட்மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிஸ்கட் தகரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"வேலை போயிருமோன்னு பயந்துட்டேங்க."

அவர் கோபப்படவில்லை. மேலதிகாரிக்கு எழுதினார். தந்திக்கு வேறு ஆள் வந்தான், நான் கடிதம் பிரிக்கும் மேசைக்கு மாறினேன். கடிதங்களுக்குக் காது வேண்டாம்.

பிறகு ஒருமுறை புதுக்கோட்டைக்குப் போனபோது அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தேன். மெலிந்த மனிதர், என்னைவிட வயதில் மூத்தவர். யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். காதுதானே என்று கேட்டார். வெகுநாளாகவே சந்தேகம் இருந்ததாம். மெதுவாக அனுப்பச் சொல்லி நானாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாராம்.

இரைச்சல் இன்றுவரை இருக்கிறது. அதோடு சண்டை போடுவதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. ஒரே ஒருமுறை மட்டும் அது நின்றது. யுத்தம் முடிந்த சமயம், விடுமுறை நாள் காலை. நான் முற்றத்தில் நின்றிருந்தேன். சட்டென்று எல்லாம் ஆழமாகிவிட்டது. ஓட்டின்மேல் குருவி நகத்தால் பிறாண்டுவது கேட்டது. கிணற்றுக்குள் கயிற்றிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது. முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி ஏதோ ஒரு பாட்டை, உதடு பிரிக்காமல், மெல்ல முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. அசைந்தால் கலைந்துவிடும் என்று அசையாமல் நின்றேன். பாட்டு ஓரடி போனது, இரண்டாம் அடி தொடங்கியது. பிறகு, வெயில் நகர்வதைப்போல, இரைச்சல் திரும்பி வந்து மூடிக்கொண்டது. அவள் தொண்டைக்குழி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.