கடைசி ஆள் வெளியே போகிற வரைக்கும்

நாடகத்தில் எனக்குக் கிடைத்தது எழுந்திருக்காத வேடம். மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஒரு முறம், முறத்தில் முருங்கைக்கீரை. பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழையும்போதே நான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். என் பிள்ளைகளாக நடிக்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். வீட்டை விற்பதா வேண்டாமா, அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போடுவார்கள். அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை மேடையில் இருக்கிற ஒரே ஆள் நான்தான், எனக்குத்தான் ஒரு வசனமும் கிடையாது.

நடிப்பு எனக்குப் பழக்கமில்லாத விஷயம். கடலூரில் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. எங்கள் இயக்குநர் ஒரு கல்லூரி ஆசிரியர், என்னைவிடச் சின்னவர். பார்சல் அனுப்ப வந்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “அக்கா, எவ்ளோ கூட்டம் வந்தாலும் நீங்க அசையவே மாட்டேங்கறீங்க. எனக்கு அந்த மாரி ஒருத்தவங்கதான் வேணும்” என்றார். பாராட்டினாரா கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை புரியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கிண்டல்தான் என்று அடித்துச் சொல்கிறார்.

உட்கார்ந்திருப்பது சுலபம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்ற நடிகர்களுக்குத் திரைக்குப் பின்னால் ஒரு உலகம் இருக்கிறது. வசனம் பேசிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பார்கள், போன் பார்ப்பார்கள், மெதுவடை சாப்பிடுவார்கள். அந்த வடை வாசனை மேடைக்கு வரும். நான் மத்தியானத்திலிருந்து தண்ணீர்கூட அளந்து குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மூக்கு அரிக்கும், கொசு கடிக்கும், கால் மரத்துப்போகும். எதையும் அம்மா செய்கிற மாதிரிதான் செய்ய வேண்டும், நான் செய்கிற மாதிரி செய்யக் கூடாது.

அதற்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. நாடகம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் நான் எழுந்திருக்கக் கூடாது. பார்த்தவர்களில் கடைசி ஆள் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் கீரை ஆய்ந்துகொண்டே இருக்க வேண்டும். நடிகர்கள் யாரும் மேடைக்கு வந்து கும்பிட மாட்டார்கள், யார் யார் நடித்தார்கள் என்று அறிவிக்கவும் மாட்டார்கள். “அம்மாவ அப்பிடியே உட்டுட்டுப் போறோமேன்னு ஒவ்வொருத்தருக்கும் உறுத்தணும்க்கா” என்பார் இயக்குநர். உறுத்தவும் செய்தது. பெண்ணாடத்தில் ஒரு அம்மாள் மேடையோரம் வந்து, “போய்ட்டு வரேம்மா, ஒடம்பப் பாத்துக்க” என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். நான் நிமிரவில்லை. வெளியே போன பிறகு அந்த அம்மாள் அழுதார் என்று சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

நான் நடித்தது என் அம்மாவைத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கீரை ஆய்ந்தால் காம்புகளை எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து அடுக்குவாள். தூக்கிப் போடப் போகிற காம்புக்கு என்ன அடுக்கு என்று நாங்கள் கேலி செய்வோம். நடுநடுவே இடது முட்டியை ஒரு தடவை அமுக்கிவிட்டுக்கொள்வாள். ஒத்திகையில் என் கை தானாகவே அதைச் செய்தது. நல்லா இருக்கு, அப்படியே வச்சிக்கங்க என்றார் இயக்குநர்.

அம்மா கடைசியாக இருந்தது சிதம்பரத்தில், அக்கா வீட்டில். படுத்த படுக்கையாகிவிட்ட அவளை அக்காதான் பார்த்துக்கொண்டாள். நான் லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போவேன், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. அம்மா போன அன்று, சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் அக்கா சொன்னாள்: “இவ விருந்தாளி மாரி வந்துட்டுப் போனவ. இவளுக்கு இன்னா தெரியும்?” களைப்பில் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. காரியம் முடிந்ததும் கிளம்பி வந்தேன். அவள் கூப்பிடட்டும் என்று நானும், நான் வரட்டும் என்று அவளும் இருந்துவிட்டோம். பிடிவாதத்தில் நாங்கள் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவர்கள் இல்லை. வருஷங்கள் போய்விட்டன. அவள் வீட்டுக்காரர், என் மாமா, மட்டும் பொங்கல் தீபாவளிக்குப் போன் செய்வார்.

நாடகம் சிதம்பரத்துக்குப் போனது. கீழ வீதிப் பக்கம் ஒரு சின்ன ஹால். மாமாவிடம் சும்மா சொல்வது போலச் சொல்லிவைத்தேன். அவர் அக்காவிடம் சொல்வார் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் அவள் வருவாள் என்று நினைக்கவில்லை.

வந்தாள். கதவு திறந்து கூட்டம் உள்ளே வரும்போது, அரைக்கண்ணால் பார்த்தேன். மாம்பழக் கலர் புடவை, தனியாக. மாமாவுக்கு நாடகம் என்றாலே ஆகாது, வெளியே ஸ்கூட்டரோடு நின்றிருப்பார். நடைவழி ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேடை வெளிச்சம் முன்வரிசைகள் வரை விழும். அதில் அவள் மடி தெரிந்தது. நான் காம்பை உருவி அடுக்க அடுக்க, அவள் விரல்களும் மடிமேல் அதையே செய்துகொண்டிருந்தன. அவளுக்கே தெரியாமல் செய்தாள் என்று நினைக்கிறேன். நான் முட்டியை அமுக்கியபோது தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாடகம் முடிந்தது, விளக்குப் போட்டார்கள். ஜனங்கள் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். சக நடிகர்கள் உள்ளே வேஷம் கலைத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் பின்பக்கம் வண்டியில் சாமான் ஏற்றப் போய்விட்டார். ஹாலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அக்கா எழுந்து மேடையோரம் வந்து நின்றாள். நான் எழுந்து வருவேன் என்று அவள் காத்திருந்தாள். அவள் வெளியே போனால் எழுந்துவிடலாம் என்று நான் காத்திருந்தேன். கடைசி ஆள் அவள்தான்.

“அம்மா மாரியே ஒக்காந்துருக்கறடி” என்றாள். நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து, “எந்திரிச்சி வா. வூட்டுக்குப் போலாம். மாமா வெளியதான் நிக்கறாரு” என்றாள்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று எனக்குள் நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சட்டம் என்பது ஒரு காரணம். யார் வந்து பேசினாலும் நிமிராமல் இருந்து இருந்து உடம்பு அப்படியே பழகிவிட்டது. அவள் முன்னால் போவாள், வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே ஓடிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. இத்தனை வருஷம் கழித்து அவளே வந்து கூப்பிடுகிறாள் என்பதில் ஒரு திருப்தி இருந்தது, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஒரு காம்பை எடுத்து மற்றதோடு சேர்த்து அடுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹால பூட்டணும்மா” என்று வாட்ச்மேன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். அக்காவின் செருப்புச் சத்தம் விலகிப் போனது. அது வாசலைத் தாண்டியதும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். மரத்துப்போன கால் இழுத்துக்கொண்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, நொண்டி நொண்டி வெளியே போனபோது, ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா என்று கத்தினேன். கேட்டதோ இல்லையோ.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாள் மாமாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், நாடகத்தில் அப்படி ஒரு சட்டம், கடைசி ஆள் போகும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாடகத்துல அப்பிடித்தான் இருக்கும்னு நானும் சொன்னேம்மா. அவ இன்னா சொல்றா தெரியுமா? ‘நாடகம் முடிஞ்சிச்சி, லைட்டு போட்டாச்சி, ஜனமெல்லாம் போய்ட்டாங்க. அதுக்கப்பறம் யாருக்கு நாடகம்?’ங்கறா” என்றார். இயக்குநரிடம் கோபித்துக்கொண்டு அந்தச் சட்டத்தை எடுக்கவைத்தேன். இப்போதெல்லாம் விளக்குப் போட்டதும் எழுந்து கும்பிடுகிறேன். பாவம் இயக்குநர், அவர் என்ன தப்பு செய்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் போனேன். மாமா கதவைத் திறந்தார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஹாலில் கிடந்த நாற்காலியைக் கையால் காட்டி, “ஒக்காரு. ஒனக்கு அதான் நல்லா வருமே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் உட்காரவில்லை. அடுப்படி வாசலுக்குப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பு மேடைப் பக்கமாகத் திரும்பி அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அக்கா, அன்னிக்கி நான் வந்துருக்கணும்” என்றேன். அவள் கை நிற்கவில்லை. “தப்புதான்க்கா” என்றேன். ஒரு காம்பை எடுத்து மற்றதோடு சேர்த்து அடுக்கினாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளைத் தொட இரண்டு எட்டு வைத்தால் போதும். வைக்க முடியவில்லை. அவள் திரும்பட்டும் என்று நின்றேன்.

நாடகத்தன்று அந்த ஹாலில் அக்கா நின்றது எனக்குக் கொஞ்ச நேரமாகத்தான் பட்டிருந்தது. இங்கே நின்றபோதுதான் அது எவ்வளவு நேரம் என்று தெரிந்தது.