கிளர்ச்சிக்காரர் கப்பலில் தூசி துடைத்தோம்

1. நட்சத்திரம் காணாமல் போனது

"நட்சத்திரமெல்லாம் எங்கை?" என்று அலன் கேட்டார்.

அவர் கேட்டது ஆங்கிலத்தில். கோபம் எந்த மொழியிலும் ஒன்றுதான் என்பதால் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் துப்புரவாக்கிப் புதுசுபோல ஆக்கிக் கொடுப்பது எங்கள் கொம்பனியின் வேலை. போன வருடம் ஓய்வு பெறும்வரை நான் குடியிருக்கும் மோர்டனிலிருந்து ரயிலேறி, நகர நடுவில் சோஹோவில் ஜன்னல் இல்லாத ஒரு நிலவறைக்குப் போய், படத்தில் தூசியும் கீறலும் தேடினேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "அம்மா வேலைக்குப் போயும் தூசிதான் தட்டுறா" என்பாள் என் மகள்.

அலன், அப்போது எங்கள் கையில் இருந்த ஒரு விண்வெளித் தொடரின் உரிமையாளர்கள் அனுப்பிய தரப் பரிசோதகர். நரைத்த தலை, முழங்கையில் ஒட்டுப் போட்ட கம்பளிச் சட்டை. அவர் 'பாஸ்' என்று எழுதினால்தான் எங்களுக்கு அடுத்த அத்தியாயம் வரும்.

நடந்தது இதுதான். பிலிமில் தூசி ஒரு பிரேமில், அதாவது ஒரு தனிப் படத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அடுத்த பிரேமில் இருக்காது. அப்படிப்பட்ட புள்ளியைக் கண்டவுடன் எங்கள் சொப்ட்வெயர் தானாகவே அழித்துவிடும். விண்வெளிக் காட்சியில் கமெரா நகர, நட்சத்திரங்கள் பிரேமுக்குப் பிரேம் இடம் மாறின. எல்லாமே தூசி என்று சொப்ட்வெயர் முடிவு கட்டியது. நான் மனிதர்களின் முகங்களைச் சரி பார்த்தேன், என்னோடு வேலை செய்த கார்த்திக் சுவர்களையும் உடைகளையும் பார்த்தான். வெறும் கறுப்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருவருமே விட்டுவிட்டோம். ஆகாயத்தைக் கழுவி மொட்டையாக்கி அனுப்பியிருக்கிறோம்!

"இன்னொருக்கா இப்பிடி வந்தால் மிச்சத்தை வேறை இடத்துக்குக் குடுத்திடுவம்" என்று சொல்லிவிட்டு அலன் போனார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கார்த்திக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சென்னைப் பிள்ளை, என் வயதில் பாதி. ஆனால் எனக்கு சூப்பர்வைசர்.

"அக்கா, இந்த ப்ராஜெக்ட் போச்சுன்னா கம்பெனி ஆளைக் குறைக்கும். முதல்ல நான்தான். என் விசாவே இவங்க ஸ்பான்சர்ஷிப்லதான் இருக்கு. என் வைஃப் பானுவுக்கு வேற இது ஏழாம் மாசம். இந்த நேரத்துல ஊரைக் காலி பண்ணுன்னா என்ன பண்ணுவேன்?"

"ஒண்டும் போகாது தம்பி. இனிக் கையாலை செய்வம்" என்றேன். எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

2. அட்டைச் சுவர்களும் ஒரு புள்ளியும்

கையால் செய்வதென்றால் ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்து, தூசியை மட்டும் தொட்டு அழிப்பது. கண் பூத்துப் போகும்.

தொடரின் கதை எளிமையானது. கிரகங்களையெல்லாம் ஒரு பேரரசு பிடித்து வைத்திருக்கிறது. அதை எதிர்த்த ஆறு பேர் ஒரு சரக்குக் கப்பலைக் களவெடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஐம்பது வருடத்துக்குக் கிட்டப் பழசு. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும், துப்பாக்கியில் வெள்ளித்தாள் சுற்றியிருக்கும். தொடக்கத்தில் நான் நன்றாக நக்கலடித்தேன். பிறகு மெல்ல வாயடைத்துப் போனேன். அந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் நம்பமாட்டார்கள், சாப்பாட்டுக்கும் சண்டை பிடிப்பார்கள், ஆனால் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் ஓடமாட்டார்கள். இரண்டாம் மாதம் அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நானே பதற ஆரம்பித்துவிட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் அவர்களுடைய கப்பல் வெடித்துச் சிதறுகிறது. ஆறு பேரும் அதற்குள். அதோடு தொடர் முடிந்தது. ரசிகர்களுக்குள் அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. சிறிய தப்பியோடும் கலம் ஒன்று வெளியே வந்ததைக் கண்ணால் கண்டதாகச் சிலர் சத்தியம் செய்வார்கள். மற்றவர்கள், "உங்கட டிவியிலை புள்ளி விழுந்தது" என்பார்கள்.

அந்தக் காட்சியில் வேலை செய்தபோது எனக்கும் தெரிந்தது. வெடிப்புக்கு வலது பக்கத்தில் ஊசி முனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

அழிக்கக் கையை வைத்தேன். அடுத்த பிரேமைத் தட்டினேன். அங்கேயும் இருந்தது, கொஞ்சம் மேலே. அதற்கடுத்ததில் இன்னும் மேலே.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டேன்.

கார்த்திக் குனிந்து பார்த்தான். "வெடிச்ச மாடல்ல இருந்து பறந்த துண்டா இருக்கும்கா. அழிச்சிடுங்க. அலன் கண்ணுல வெள்ளையா எது பட்டாலும் ஃபெயில் போட்டுடுவாரு."

"துண்டெண்டால் விழவெல்லோ வேணும்?"

அவன் திரும்பவும் திரையைப் பார்த்தான். அந்தக் கப்பல், ஸ்டூடியோவில் கட்டித் தொங்கவிட்ட ஒரு முழ நீள மாடல். விண்வெளி என்று கதை சொன்னாலும், ஸ்டூடியோவில் பூமி இழுக்கத்தானே செய்யும்? வெடித்த துண்டுகள் பறந்து, வளைந்து, கீழே விழுகின்றன. பிரேம் பிரேமாகப் பார்த்தால் அது வெளிப்படையாகத் தெரிகிறது. இந்தப் புள்ளி மட்டும் விழவேயில்லை. நேரே மேலே ஏறிப் போனது.

"அக்கா, இதை அழிச்சா யாருக்கும் தெரியப் போறதில்ல" என்றான் கார்த்திக், மெதுவாக.

"எங்களுக்குத் தெரியும்தானே."

சொன்ன பிறகு என் மனச்சாட்சியே இடித்தது. வேலை போனால் எனக்கு வீடு இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது. நட்டம் வந்தால் அவனுக்குத்தான் வரும். நேர்மை பேச எனக்குச் செலவில்லை.

கார்த்திக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "தள்ளுங்க. கறுப்பைத் தூக்கிப் பார்ப்போம்" என்றான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

3. நூல்

கறுப்பைத் தூக்குவது என்றால், படத்தின் இருட்டான பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுவது. பின்னால் இருந்த கறுப்புத் துணி சாம்பலாக வந்தது. துணியின் தையல் தெரிந்தது. இன்னும் கூட்டினான்.

புள்ளியின் தலையிலிருந்து மேல்நோக்கி மயிரிழைபோல ஒரு கோடு.

"நூலு!" என்று கத்தினான் கார்த்திக். "அக்கா, நூல்ல கட்டி இழுத்திருக்காங்க!"

மேசையில் தின்ன வைத்திருந்த ரோல்ஸை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். புள்ளியைப் பெருப்பித்தோம். அரிசி மணியளவு ஒரு பொருள். அதற்குச் சிறகுபோலச் சின்னதாக இரண்டு செட்டை. யாரோ செய்து, வெள்ளை பூசி, நூல் கட்டி, வெடிக்கிற நேரம் பார்த்து மேலே இழுத்திருக்கிறார்கள்.

மறைக்காமல் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தது கார்த்திக்தான். அனுப்பியபின் அகப்படுவதைவிட, அனுப்ப முதலே கேட்போம் என்றான். அப்போதே அலனுக்குப் போன் பண்ணினான்.

அலன் அடுத்த நாளே வந்தார். முதலில் வழக்கமான படத்தைப் போட்டோம். புள்ளியைக் கண்டவுடன் நாங்கள் பயந்தபடியே பேனையை எடுத்தார். "தூசி" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி, வெளிச்சம் கூட்டியதைப் போட்டேன்.

அவர் பேனையை மூடினார். கதிரையின் நுனிக்கு வந்தார். திரும்பப் போடச் சொன்னார். பிறகு இன்னொருமுறை.

"இந்த அத்தியாயத்தின்ரை ஸ்கிரிப்ட் என்னட்டை இருக்கு" என்றார் கடைசியாக. "அதிலை ஒருத்தரும் தப்பேல்லை. தப்பக் கூடாதெண்டு டைரக்டர் பிறகு பேட்டியிலையும் சொன்னவர்."

கார்த்திக் என்னைப் பார்த்தான்.

"அப்ப அழிக்கவா?" என்று கேட்டேன்.

"என்ரை வேலை தூசியைப் பிடிக்கிறது. இது தூசி இல்லை" என்றார் அலன். "நூலை அழியுங்கோ. நூல் தெரியக் கூடாதெண்டுதான் அதைக் கட்டின ஆளும் நினைச்சிருக்கும்."

'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார்த்திக் வெளியே போய்ப் பானுவுக்குப் போன் பண்ணினான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் தோள் குலுங்கியது தெரிந்தது. எனக்கும் கண் கலங்கியது.

அலன் எழும்பவில்லை. "நூலை அழிக்க முதல் இன்னும் ஒருக்காப் போடுங்கோ" என்றார்.

போட்டேன். அவர் இந்தமுறை கப்பலைப் பார்க்கவில்லை. நூலையே பார்த்தார், படத்தின் மேல் விளிம்பில் அது மறைகிற இடம்வரை.

"நூலின்ரை மற்றப் பக்கத்தை ஆர் பிடிச்சிருந்தது?" என்று கேட்டார்.

அத்தியாய முடிவில் ஓடும் எழுத்தோட்டத்தில் உள்ள பெயர்களை நானும் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். லைட்காரரா, தச்சரா, தேநீர் கொண்டுவந்தவரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் உள்ள புத்திமதி இவ்வளவுதான்: புள்ளியைக் கண்டவுடன் அழிக்காதீர்கள், அது விழுகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் கதையை எழுதியவரும் இயக்கியவரும் ஆறு பேரும் சாகட்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். சம்மதிக்காத ஒரு ஆள், மேலே இருட்டில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.