கிளட்ச் இல்லாத லாரியில் ஏழுமலை

இன்று காலை முதுநகர் லாரி ஷெட்டுக்கு கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் டிரெய்லர் ஒன்று புதிதாக வந்தது. சாவியைக் கேட்டு வாங்கியவர் டிரைவர் ஏழுமலை. இருபது வருடம் கிளட்ச் மிதித்து இடது முழங்கால் தேய்ந்தவர். தொழிலையே விடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"இன்னா மச்சான், பொம்ம வண்டி ஓட்டப் போறியா?" என்றார் சக டிரைவர் ஒருவர்.

வண்டி நகர்ந்ததும், பழக்கத்தில் ஏழுமலையின் இடது கால் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. ஷெட்டே சிரித்தது.

அவர் இறங்கவில்லை. இடது காலை மடித்து சீட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"நல்லா சிரிங்கடா. இந்தக் காலுக்குத்தான் ரெஸ்ட்டு, எனக்கு இல்ல. சிதம்பரம் போயிட்டு வரேன்."

போனார், மத்தியானமே திரும்பியும் வந்தார்.

கியர் போடுகிறவன்தான் டிரைவர் என்பவர்கள், ஒருமுறை குந்தி எழுந்து தங்கள் முழங்காலைக் கேட்டுவிட்டுக் கீழே கமெண்ட் எழுதவும்.