பத்தியமும் காட்டு ரோசாப்பழமும்

முதலில் வந்தது இரத்தம். பல் துலக்கித் துப்பினால் தொட்டி சிவந்தது. பிரஷை மாற்றினேன், பற்பசையை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. பிறகு கால்களில் நீலமாகக் கன்றல்கள் தோன்றின. எங்கும் இடித்ததாக நினைவில்லை. லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

அது 2009ஆம் ஆண்டு. அந்த வருடம் எங்கள் ஆட்களில் சோர்ந்து போகாதவர் யார்? இலங்கையில் போரின் முடிவில் எங்கள் ஊர்களில் நடந்ததைக் கேட்டு லண்டனில் நித்திரையில்லாமல் கிடந்தோம். என் உடம்பும் அந்தக் கவலையில்தான் விழுந்துவிட்டது என்று கோடை முழுவதும் நம்பியிருந்தேன். இதை வாசிக்கும் யாராவது அப்படி நம்பிக்கொண்டிருந்தால் தயவுசெய்து வைத்தியரிடம் போங்கள். கவலையால் பல்முரசில் (ஈறில்) இரத்தம் வராது.

புரட்டாதியில் (செப்டம்பரில்) என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. கன்றல்களைப் பார்த்த தாதி என் கணவரை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டாள். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் சிவம் பஸ் சாரதி. குளியலறைச் சிலந்தியைக்கூடக் கடதாசியில் ஏந்தி வெளியே விடுகிற மனிதர். ஆனாலும் அவள் கேட்டது சரி. கேட்க வேண்டிய கேள்விதான்.

வைத்தியர் மதுரைப் பக்கத்துப் பெண். இருவரையும் இருத்தி, “ஒரு நாள்ல என்னென்ன சாப்பிடுறீங்கம்மா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் சிவம் தொடங்கிவிட்டார். வீட்டில் சமையல் அவருடையது. இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு இரைப்பைப் புண் (வயிற்றின் உட்சுவரில் வரும் காயம்) வந்தது. கொஞ்ச நாளைக்குப் புளியையும் உறைப்பையும் குறைக்கச் சொன்னார்கள். புண் ஆறிவிட்டது. சிவத்தின் பத்தியம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

“பழம் ஒண்டும் குடுக்கிறேல்லை டொக்டர், குளிர். தக்காளி புளி. உருளைக்கிழங்கு வாய்வு. கீரை செமிக்காது. பாண் (பிரெட்), கஞ்சி, இடியப்பம், கரட்டைக் கூழா அவிச்சுக் குடுக்கிறன். ஒரு நாளும் தவற விட்டதில்லை.” வகுப்பில் முதலாம் பிள்ளை பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னார்.

வைத்தியரின் பேனா நின்றது. என் காலில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். முடிகள் ஸ்பிரிங் போலச் சுருண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி. “ஆமா,” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

வைத்தியர் ஊகித்ததையே இரத்தப் பரிசோதனையும் சொன்னது. ஸ்கர்வி (உயிர்ச்சத்து சி நெடுநாள் கிடைக்காமல் இரத்தக்குழாய்களும் பல்முரசும் பலவீனப்படும் நோய்). அந்தக் காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு வந்தது, பழக்கடைகள் நிறைந்த நகரத்தில் எனக்கு வந்தது.

“மாத்திரை எழுதித் தர்றேன், சீக்கிரமே சரியாயிடும். சார், நீங்க கெட்டது நினைச்சு செய்யலை,” என்றார் வைத்தியர்.

புற்றுநோய் இல்லை என்ற நிம்மதியில் நான் அழுதேன். சிவம் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

மாத்திரை சில நாட்களிலேயே வேலை செய்தது. சாப்பாட்டில் தோடம்பழமும் (ஆரஞ்சு) கீரையும் சேர்ந்தன. மாடிப்படி சுருங்கிவிட்டது போலிருந்தது. ஆனால் அடுப்படி அடங்கிப் போனது. சிவம் டூட்டிங்கில் இருந்த உணவுக் கடையிலிருந்து சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்து மேசையில் வைப்பார்; எனக்குப் பரிமாறக்கூட மாட்டார்.

“என்னப்பா, ஒரு பிட்டாவது அவியுங்கோவன்,” என்றேன்.

“என்ரை கையாலை நீர் திண்டது காணும், இனி வேண்டாம்,” என்றார்.

நோயைவிட இதுதான் என்னைப் பயப்படுத்தியது. நான் தேறிக்கொண்டிருந்தேன், அவர் கரைந்துகொண்டிருந்தார்.

உணவு ஆலோசகரிடம் போனபோதுதான் திருப்பம் வந்தது. அவர் வெள்ளைக்காரப் பெண். உலகப் போர்க் காலத்தில் இங்கே தோடம்பழம் கிடைக்காதபோது பிள்ளைகள் வேலிகளில் காட்டு ரோசாப் பழம் பிடுங்கியதாகவும், அதைப் பாகாக்கிக் குடித்து வளர்ந்தவர் தன் தாய் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நிலத்தைப் பார்த்திருந்த சிவம் நிமிர்ந்தார். பூ உதிர்ந்த இடத்தில் சிவப்பாக, நீளவாக்கில் இருக்குமே, அதுவா என்று கேட்டார். பஸ் திரும்பும் இடத்து வேலியில் அதைத் தினமும் பார்த்திருக்கிறார். வைத்தியரைக் கேட்டோம். “தாராளமா சாப்பிடலாம். கொதிக்க வச்சா சத்து கொஞ்சம் போயிடும், அதனால மாத்திரையை நிறுத்தாதீங்க,” என்றார்.

வீதிப் புகை படாத இடமாகப் பார்த்து, அவருடைய ஓய்வு நாளில் மிட்சத்தில் உள்ள பொதுப் புல்வெளிக்குப் போனோம். இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. சந்தேகமில்லாமல் தெரிந்த செடியில் மட்டும் பிடுங்கினோம், குருவிகளுக்கும் விட்டுவைத்தோம். முள் இரண்டு பேரின் கையையும் கிழித்தது. என் கையில் இரத்தத்தைக் கண்டதும் அவர் பையைப் போட்டுவிட்டார்.

“வாரும், வீட்டை போவம். எனக்கு ஏலாது.”

“உங்கடை கையிலையும்தான் வருது. பிடுங்குங்கோ,” என்றேன்.

அன்று மாலை அடுப்படியில் மறுபடி சத்தம் கேட்டது. அந்தப் பழத்தின் உள்ளே விதையைச் சுற்றி மயிர் இருக்கும். அது தொண்டையை அரிக்கும். அவித்ததைப் புது வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பாக்கி வடித்தார். திருப்தி இல்லாமல் மறுபடி வடித்தார். சீனி போட்டுக் காய்ச்சித் தானே முதலில் குடித்துவிட்டு வெகுநேரம் தன் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகுதான் எனக்கு ஒரு கரண்டி நீட்டினார்.

“புளிக்குதோ?”

“ஓம். நல்லாப் புளிக்குது. இன்னும் தாங்கோ.”

என்னைக் குணமாக்கியது மாத்திரைதான், அதில் யாருக்கும் மயக்கம் வேண்டாம். அந்தப் பாகு சிவத்தைக் குணமாக்கியது. இரண்டுக்கும் நான் நன்றியுள்ளவள். பத்தியம் காக்கும் வீடுகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: அது எப்போது முடியும் என்றும் வைத்தியரைக் கேளுங்கள்.

சிவம் தினமும் காலையில் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துக் கீறல்களைப் பார்ப்பார். பொருக்குக் கட்டியது, உதிர்ந்தது, இளஞ்சிவப்புத் தோல் வந்தது. இரண்டு கையிலும் ஒன்றாகவே. நான் தூங்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் என் உடம்பு தன்னைத் தானே தைத்துக்கொண்டிருந்தது. சும்மா போகிறது என்று நான் நினைத்த நேரம் எதுவும் சும்மா போகவில்லை.

ஒரு நாள் அவர் கையைப் பார்க்க மறந்து வேலைக்குப் போய்விட்டார். அன்றிரவு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். ஒரு வாய் வைத்ததும், யோசிக்காமலே சொல்லிவிட்டேன்: “உப்புக் கூடிப்போச்சு.”

சொன்ன பிறகுதான், இவர் மறுபடி அடுப்படியை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். சிவம் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“அப்ப நாளைக்கு நீர் சமையும். நான் இருந்து குறை சொல்லுறன்.”

நான் எழுந்து போய் இன்னும் ஒரு அகப்பை குழம்பு விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.