வால்வை அடைக்காதீர்கள்!

நீராவி ரயில் எஞ்சின் பொம்மை செய்து விற்பது என்பது, கொதிக்கிற வெந்நீரையும் வாடிக்கையாளரையும் ஒரே மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற வேலை. தையல்காரர்களே, தச்சர்களே, செய்து கொடுத்த பொருளுக்காகத் திட்டு வாங்குகிற சகல ஜீவன்களே, இந்தப் புலம்பல் உங்களுக்குத்தான் புரியும்.

நான் நாகூர்க்காரன். சிங்கப்பூரில் லேத் பட்டறையில் இருந்தபோது முதலாளியின் பொழுதுபோக்குக்காக இந்த எஞ்சின்களைச் செய்யக் கற்றேன். திரும்பி வந்து தஞ்சாவூரில் பட்டறை போட்டேன். நம் பக்கத்தில் கரி வண்டி நின்றுபோய், வெளிநாட்டுப் பணம் வீட்டுக்கு வீடு ஷோகேஸ் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. என் எஞ்சின் ஒரு முழ நீளம். செம்பு பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, உச்சியில் கொத்துக்கடலை அளவில் ஒரு சேஃப்டி வால்வு. ஆவி அளவுக்கு மிஞ்சினால் அது தானாகத் திறந்து சீறும். அதை அடைத்தால் பாய்லர் வெடிக்கும், பக்கத்தில் இருப்பவர் முகம் வெந்துபோகும். இதைத் தொண்டை வற்றச் சொல்லித்தான் ஒவ்வொரு எஞ்சினையும் கொடுக்கிறேன். கேட்டால்தானே!

புகை எங்கே?

கூத்தாநல்லூரில், குவைத்திலிருந்து திரும்பிய ஒரு ஹாஜியாருக்கு எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நிஜ வண்டி மாதிரி கரும்புகை கக்க வேண்டுமாம். அது நிலக்கரி, இது ஸ்பிரிட், ஸ்பிரிட் புகையாது என்றேன். நிஜ வண்டி ஓடிய காலத்தில், வெள்ளைச் சட்டையில் கரி விழுந்ததென்று எஞ்சின் டிரைவரை வம்சத்தோடு சபித்தவர் இவர். அந்தக் கதையை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது கரி விழவில்லையென்று என்னைச் சபிக்கிறார்! “அடுப்புக்கரியை அரைச்சுத் தூவட்டுமா?” என்று எரிந்து விழுந்தேன். ஹாஜியார் அசரவில்லை.

“புகை வராத வண்டிக்கு எதுக்குத் தம்பி புகைபோக்கி?”

கலர் டிவி

தஞ்சாவூரில் ஒரு உரக்கடைக்காரர், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த டிவிக்குப் பக்கத்தில் எஞ்சினை வைத்தார். வால்வு சீறும்போது டிவியில் தண்ணீர் தெறித்ததாம். எஞ்சினைத் தள்ளி வைத்திருக்கலாம். அவரோ ரேடியேட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், வால்வின் வாயில் ஈயத்தை ஊற்றி அடைத்துவிட்டார். அந்தப் பிரமாதத்தைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இதுக்கு ஒரு வெடிகுண்டே வாங்கி வச்சிருக்கலாமே!” என்று கத்திவிட்டு, எஞ்சினின் விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். விளக்கில்லாமல் அது வெறும் செம்பு, யாரையும் கொல்லாது. வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தார் மனிதர்.

“டிவி ஃபாரின், பாய்! உங்க எஞ்சின் தஞ்சாவூர்தானே!”

டிரைவரின் சந்தேகம்

கரி வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். இவருக்காவது என் வயிற்றெரிச்சல் புரியும் என்று டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். நிஜ எஞ்சினில் தண்ணீரையும் ஆவியையும் பார்த்துக்கொள்ள ஆள் நிற்கிறது. என் எஞ்சினுக்குள் யார் நிற்பது? அந்த வால்வுதான் டிரைவர், அதுதான் ஃபயர்மேன், அதன் வாயில்தான் ஈயத்தை ஊற்றுகிறார்கள் என்று கொதித்தேன். பொறுமையாகக் கேட்டார். எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரி பாய், இதுல நான் எங்க நிக்கிறது?”

ஆயுத பூஜை

திருவிடைமருதூரில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அமெரிக்காவிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருக்கிறான், ஆயுத பூஜையன்று எஞ்சினை ஓட்டப் போகிறோம், அவசியம் வாங்க என்று அழைத்திருந்தார். மரியாதையான குடும்பம். தூசி தட்டுவது அவர் மனைவிதான் என்பதால், அந்த அம்மாளிடம் வால்வைப் பற்றித் தனியாக வேறு சொல்லியிருந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது விளக்கை ஏற்றிவிட்டிருந்தார்கள். புத்தகங்களுக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, அமெரிக்கப் பேத்தி பாய்லருக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். வால்வு சீறும் சத்தமே இல்லை. பாய்லரின் அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தது. உச்சியைப் பார்த்தேன். வால்வின் மேல் கொழுகொழுவென்று சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். காலையில் வைத்தது, காய்ந்து கல்லாகியிருந்தது.

சந்தனத்தின் பெருமையை, சந்தனக்கூடு பார்த்து வளர்ந்த நாகூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நிஜ எஞ்சினுக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்கள். அதன் வால்வில் படி சந்தனத்தை அப்பினாலும் ஒரே சீறலில் கூரைக்குப் போய்விடும். எஞ்சினைச் சின்னதாகச் செய்துவிடலாம், பொட்டு வைக்கிற விரலைச் சின்னதாக்க முடியுமா?

குழந்தையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். எரிகிற விளக்கைக் கையாலேயே உருவி எறிந்தேன். ஆவிக் குழாயைத் திறந்ததும் சக்கரங்கள் பேய் பிடித்த மாதிரி சுழன்று ஓய்ந்தன. விரல் கொப்பளித்துவிட்டது. பூஜை என்றும் பார்க்காமல், “எந்த அறிவாளி இங்க பொட்டு வச்சது?” என்று வீடு அதிரக் கத்தினேன். பேத்தியை அணைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள்தான் கண்கலங்க, ஆனால் என்னைவிடக் கோபமாகச் சொன்னார்:

“எல்லாத்தையும்விட இந்த வால்வுதான் முக்கியம்னு நீங்கதானே பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? அதான் முதல் பொட்டு அதுக்கு வச்சேன்!”

இப்போதெல்லாம், ஹாஜியார்கள் வீட்டுக்குப் போகிற எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும், பாயாகிய நானே சந்தனம் குழைத்து முகப்பில் பெரிய பொட்டாக வைத்துத்தான் கொடுத்தனுப்புகிறேன்.