மூடி திறந்த இன்வெர்ட்டர்

பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், பிறகு கருகிய பிளாஸ்டிக் நாற்றம். ஏனாத்தூர் பக்கம் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், மின்சாரப் பேருந்துக்காகச் செய்த எங்கள் முதல் இன்வெர்ட்டர், வாங்க வந்தவர்கள் கண்ணெதிரிலேயே வெடித்தது. பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி அது. வடிவமைத்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர். தினமும் மாகறலிலிருந்து பஸ்ஸில் வருவார். 'மேடம்' என்போம்.

மேடம் எதையும் நம்பமாட்டார். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று நாங்கள் சொன்னாலும், தானே மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விடுவார். "மீட்டரும் பொய் சொல்லும்பா, அதையும் ஒருவாட்டி செக் பண்ணு" என்பார். எனக்கும் சந்தேக புத்திதான், ஆனால் என்னுடையது மனிதர்கள் மேல். அவர் ஃபோனில் தணிந்த குரலில் பேசினால் போதும், டிசைனை வேறு கம்பெனிக்கு விற்கிறார் என்று எனக்குத் தோன்றிவிடும். வெடித்த அன்று முதலாளி விசாரித்தபோது முந்திக்கொண்டேன். ஆயுத பூஜை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிய பின், மேடம் மட்டும் தனியாக மூடியைத் திறந்து ஏதோ செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றேன். பார்த்தது உண்மைதான். மேடம் மறுக்கவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

போன மாதம், மூலையில் கிடந்த அந்தக் கருகிய பெட்டியைப் பிரித்தேன். இரண்டு செப்புப் பட்டைகளுக்கு நடுவே கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. அது தொடங்கிய இடத்தில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். பூஜையன்று முதலாளி நீட்டிய தட்டிலிருந்து எடுத்து, வெளியே வைத்தது போதாதென்று உள்ளேயும் மூன்று இடங்களில் பொட்டு வைத்தவன் நான்தான். மழைக்கால ஈரத்தில் அது மின்சாரத்துக்கு வழிவிடும் என்பது முதல் வருட மாணவனுக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு பக்தி முற்றியிருந்தது, படிப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

நேற்றுதான் தைரியம் வந்து, மாகறல் பஸ் ஏற மேடம் வரும் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

"தெரியும்பா. நீ உள்ள வெச்சதுல ரெண்டு பொட்ட நான்தான் அன்னிக்கே தொடச்சேன். மூணாவது கண்ணுல படல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"முதலாளி குடுத்த சந்தனத்தாலதான் வெடிச்சிதுன்னா அவரு நம்புவாராப்பா? நீ தெரியாம வெச்சியா, வேணும்னே வெச்சியான்னுதான் இத்தினி நாளா யோசிச்சிக்கினு இருக்கேன்."

"சத்தியமா தெரியாமத்தான் மேடம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "பெட்டியப் பிரிச்சி எத்தினி நாளாவுது?"

"ஒரு மாசம்."

"முதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்போ என் சந்தேகம் தீந்துபோச்சுப்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.